விட்டுப்போன ஒன்பது மைல்

“மரம் எந்தப் பக்கம் சாஞ்சு கெடக்கு, சொல்லு” என்று சிவசைலம் நான்காவது தடவையாகக் கேட்டார். ரோட்டைப் பார்க்கவா மரத்தைப் பார்க்கவா என்று செண்பகவல்லி திருப்பிக் கேட்கவில்லை. கேட்டால் மெதுவாப் போயேன் என்பார். மெதுவாகப் போனால் பின்னால் வருகிற மின்கம்ப லாரிக்காரன் ஹாரன் அடிப்பான், ஹாரன் அடித்தால் அவளுக்குக் கை நடுங்கும், கை நடுங்குவதை இவர் பார்க்கமாட்டார். “வடக்கே பாத்துக் கெடக்கு” என்றாள். “வடக்கா, வடகெழக்கா?” “வடகெழக்கு.” முழங்காலில் விரித்திருந்த வரைபடத்தில் அவர் தடித்த கறுப்புப் பேனாவால் ஓர் அம்புக்குறி போட்டார். மெல்லிய பேனா இப்போது அவருக்கு உதவுவதில்லை. விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டே வருகிறது என்று டாக்டர் சொல்லி இரண்டு வருடமாகிறது. எதை நேராகப் பார்க்கிறாரோ அது மட்டும் தெரியாது, அதைச் சுற்றி இருப்பதெல்லாம் தெரியும். அதனால் கோழி பார்ப்பது போலத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். பல்கலைக்கழகத்தில் ஒருவருக்கும் இது தெரியாது. லைசென்ஸைப் புதுப்பிக்காமல் விட்டதைக்கூட, என் மனைவி என்னைவிட நன்றாக ஓட்டுவாள், எனக்கு யோசிக்க நேரம் கிடைக்கிறது என்று சிரித்துச் சொல்லி மறைத்துவிட்டார். மே மாதம் ஓய்வு. அதற்குள் இந்த வியாழக்கிழமை சாயங்காலம் ஆர்கன்சாவில் ஒரு நெல்வயலில் இறங்கிய டொர்னடோ மிசௌரியின் குதிகாலை மிதித்து, மிசிசிப்பி ஆற்றைத் தாண்டி, டென்னசியின் மூலையை அறுத்துக்கொண்டு கென்டக்கிக்குள் போயிருக்கிறது. நான்கு மாநிலம். ஒரே காற்றா, இரண்டு காற்றா என்பதுதான் கேள்வி. ஒன்றுதான் என்றால் அவருடைய முப்பத்தைந்து வருட வேலைக்கு ஒரு முடிவுரை கிடைத்துவிடும். நேற்று வெள்ளி, இன்று சனி, இரண்டு நாளாக அவள் ஓட்டுகிறாள். நூற்றுப் பதினெட்டு மைல் தடத்தை அவள் கண்ணால் பார்த்து வாயால் சொல்ல, அவர் கையால் எழுதிக்கொண்டு வருகிறார்.

பருத்திக் காடு வெறும் தட்டையாகக் கிடந்தது. அறுவடை முடிந்த கட்டைகளில் இளஞ்சிவப்புப் பஞ்சு சிக்கியிருந்தது. முதல் நாள் அதைப் பருத்தி என்று நினைத்தாள், பருத்தி ஏன் இந்த நிறத்தில் இருக்கிறது என்றுகூட ஒரு கணம் யோசித்தாள். வீட்டுச் சுவருக்குள் குளிருக்காக அடைக்கிற கண்ணாடிப் பஞ்சு அது. சுவரே போனபிறகு மைல் கணக்கில் பறந்து வேலியிலும் மரத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவளுக்கு அதைத் தெரியும். தொட்டால் கையெல்லாம் அரிக்கும். மகள் மதியின் தலைமுடியிலிருந்து அதை எடுக்க ஒரு வாரம் ஆயிற்று. வேண்டாம், அங்கே போகவேண்டாம், ரோட்டைப் பார். ரோட்டைப் பார்த்தால் அப்பா ஞாபகம் வருகிறது. கோவில்பட்டி ஸ்டேஷனில் அப்பா ஸ்டேஷன் மாஸ்டர், ரயில்வே குவார்ட்டர்ஸில் தண்டவாளத்துக்கு இருபதடி தள்ளி அவளுடைய படுக்கை. பெண் பார்க்க வந்த அன்று இந்த மனிதர் காபியைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவிடம் அரைமணி நேரம் அமெரிக்கக் காற்றைப் பற்றிப் பேசினார். காபி ஆறிப்போய் ஏடு படிந்தது. அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் ரயில் மாதிரியே சத்தம் வரும் என்றதும் சிரித்துக்கொண்டு, அப்ப எங்க வீட்டுப் பிள்ளைக்கு அங்க தூக்கம் நல்லா வரும் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், உள்ளறையில் நின்றுகொண்டு. என்ன நம்பிக்கையில் சிரித்தாள்? ஊரில் ஆடிக்காற்று அடிக்கும், கண்ணில் மண் விழும், துணி பறக்கும், அதோடு சரி. காற்றைப் பற்றி இவ்வளவு பேசுகிற மனிதன் சாதுவாகத்தான் இருப்பான் என்று நினைத்தாள். அது பொய்யுமில்லை. முப்பத்திரண்டு வருடத்தில் ஒருநாள்கூட அவர் குரலை உயர்த்தியதில்லை. சம்பளத்தைக் கையில் கொடுத்துவிடுவார், இரண்டாவது தோசைக்குக் காத்திருக்கும்போதுகூட எரிச்சல் காட்டமாட்டார். கெட்டவர் என்று சொல்ல முடிந்திருந்தால் எவ்வளவு எளிதாகப் போயிருக்கும்.

“நிறுத்து, இங்க ஏதோ தளம் தெரியுது” என்றார். ஓரக்கண்ணில் வெள்ளையாகத் தெரிந்திருக்கும். ஒரு வீட்டின் சிமெண்டுத் தளம். அதன்மேல் வீடு இல்லை. சமையலறை இருந்த இடத்தில் ஓடு ஒட்டிய தரை, அதில் ஒரு மடக்கு நாற்காலி, அதில் தொப்பி போட்ட ஒரு வயசாளி. தன் பெயர் வெர்ன் என்றார், ஐஸ்பெட்டியைத் திறந்து ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் கொடுத்தார். காலையில் ஒரு சர்ச்சுக்காரப் பெண்ணும் இப்படித்தான் அவள் கையில் தண்ணீரும் போர்வையும் திணித்துவிட்டுப் போனாள். நான் அகதி இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. “இன்சூரன்ஸா?” என்று வெர்ன் கேட்டார். “இல்லை, பல்கலைக்கழகம். காற்றின் வேகத்தை மதிப்பிட வந்திருக்கிறோம்” என்று சிவசைலம் சொல்லிக்கொண்டே தளத்தின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். வெர்ன் பேச ஆரம்பித்தார். “நான் கொட்டகையில் டிராக்டரை நிறுத்திக்கொண்டிருந்தேன். டோரிஸ் அந்தக் குளியலறையில் இருந்தாள். அதோ, அந்தக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கிறதே, அங்கே.” சிவசைலம் தலையைச் சாய்த்து, “குளியலறைச் சுவர் வீட்டின் நடுவிலா, வெளிப்பக்கமா?” என்று கேட்டார். வெர்ன் ஒரு நிமிடம் அவரைப் பார்த்தார். “நடுவில்” என்றார். “உங்கள் மனைவி இப்போது எங்கே?” என்று அவள்தான் கேட்டாள். “ஆஸ்பத்திரியில். இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. பிழைத்துக்கொள்வாள் என்கிறார்கள். அவளைச் சோளத்தட்டைக்குள் கண்டுபிடித்தோம், இங்கிருந்து இருநூறு அடி. நான் அவளை முதலில் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரன்தான் பார்த்தான். நான் அவளைத் தாண்டி ஓடியிருக்கிறேன்.” அதையே அவர் இரண்டு தடவை சொன்னார். சிவசைலம் தளத்தின் விளிம்பில் பதித்திருந்த போல்ட்டுகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டு போனார், குனிந்து, நகர்ந்து நகர்ந்து. சுவரைத் தளத்தோடு பிடித்து வைக்கிற போல்ட் அவை. நட்டுக்கு அடியில் வாஷர் போட்டிருந்தால் வீடு காற்றுக்கு அதிகம் தாக்குப்பிடித்திருக்கும், போடாவிட்டால் சின்னக் காற்றுக்கே கிளம்பிவிடும். அதைப் பொறுத்துத்தான் காற்றுக்கு மார்க். “செம்பா, வாஷர் இருக்கா?” என்றார் தமிழில். அவள் குனிந்து பார்த்தாள். “இல்ல.” “ஒண்ணுலயும் இல்லையா?” “இல்ல.” “அப்பம் மூணுதான் கொடுக்க முடியும். நாலு வராது. மோசமான கட்டுமானம்” என்று எழுதிக்கொண்டார். “என்ன சொல்கிறார்?” என்று வெர்ன் அவளைக் கேட்டார். “உங்கள் வீட்டை நன்றாகத்தான் கட்டியிருந்தீர்கள், யாருடைய வீடும் இதற்கு நின்றிருக்காது என்கிறார்” என்றாள். வெர்ன் தலையை ஆட்டினார், தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். “நானே கட்டினேன். டோரிஸும் நானும்” என்றார்.

வண்டியில் ஏறி அவள் வெர்ன் கொடுத்த தண்ணீரைக் குடித்தாள். அவர் வரைபடத்தில் மூணு என்று எழுதி வட்டம் போட்டார். இப்போது அந்த நினைப்புக்குள் போகாமல் இருக்க முடியாது, போய்த்தான் ஆகவேண்டும். இருபத்துநாலு வருடத்துக்கு முன்னால், வேறு மாநிலம், அவர் முதலில் வேலை பார்த்த ஊர், மே மாதம், சாயங்காலம் ஆறரை. மதிக்கு ஆறு வயது. இவர் மூன்று மாணவர்களை ஏற்றிக்கொண்டு மேற்கே இருநூறு மைல் தள்ளி வேறொரு மேகத்தைத் துரத்திப் போயிருந்தார். சைரன் ஊதியது. மதியின் படுக்கையிலிருந்து மெத்தையை உருவி இழுத்துக்கொண்டு குளியல் தொட்டிக்குள் போய்ப் படுத்தாள், குழந்தையை அடியில் போட்டு, மேலே தான், அதற்கு மேலே மெத்தை. தொட்டி சில்லென்று இருந்தது. மதியின் தலையில் ஷாம்பு வாசனை. எல்லாரும் சொல்லுவார்கள், ரயில் மாதிரி சத்தம் வந்தது என்று. டி.வி.யில் சொல்லுவார்கள், இவர் வகுப்பில் சொல்லுவார், நேற்று ஆர்கன்சாவில் நாலு பேர் சொன்னார்கள். தண்டவாளத்துக்கு இருபதடியில் பிறந்து வளர்ந்தவள் அவள். ரயில் எப்படி வரும் என்று அவளுக்குத் தெரியும். ரயில் வரும், வந்தால் போகும், அதன் சத்தத்துக்கு ஒரு முன்னும் பின்னும் உண்டு. இது அப்படி இல்லை. யாரோ மூச்சை உள்ளே இழுத்து, இழுத்து, விடாமலே இருப்பது மாதிரி. காதுக்குள் இருக்கிற காற்றும், தொண்டைக்குள் இருக்கிற காற்றும், குழந்தை அழுகிற காற்றும் எல்லாம் அதற்குள்ளே போய்விட்டது. மதி வாயைத் திறந்து கத்துவதைத் தன் தோளில் ஈரமாக உணர்ந்தாள், சத்தம் இல்லை. பிறகு மழை நேராக முகத்தில் விழுந்தது. கூரை இல்லை. அடுத்த நாள் காலை பத்து மணிக்கு இவர் வந்தார். பக்கத்துத் தெரு அம்மாளின் நைட்டியைப் போட்டுக்கொண்டு, மதியை இடுப்பில் வைத்துக்கொண்டு, வாசலில் புல்தரையில் நின்றாள். வண்டியிலிருந்து இறங்கினார், கழுத்தில் கேமரா. வீட்டை நிமிர்ந்து பார்த்தார். அப்போதெல்லாம் கண் நன்றாகத் தெரியும். பார்த்துக்கொண்டே நடந்து வந்தார். அவள் அழக் காத்திருந்தாள், பதினைந்து மணி நேரமாகக் காத்திருந்தாள். அவர் பக்கத்தில் வந்து, மெதுவாக, அன்பாகத்தான் சொன்னார்: “கொஞ்சம் தள்ளி நில்லுங்க, படத்துல விழுதீங்க.”

தள்ளி நின்றாள். அதைத்தான் இன்றுவரை அவளால் நம்பமுடியவில்லை. அவர் சொன்னதைக்கூட ஒருமாதிரி புரிந்துகொள்ளலாம், தான் தள்ளி நின்றதைத்தான். மதியையும் தூக்கிக்கொண்டு அஞ்சாறு அடி, அசோசியேட் புரொபசர் படம் எடுக்க வசதியாக. முப்பத்தாறு படம், ஒரு ரோல் முழுக்க. முடித்துவிட்டு வந்து இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார், அவருக்கும் உடம்பு நடுங்கத்தான் செய்தது, அதையும் அவள் மறக்கவில்லை, மறந்திருந்தால் நன்றாக வெறுத்திருக்கலாம். மதி அன்றிலிருந்து பேசவில்லை. மே முடிந்தது, ஜூன், ஜூலை, பள்ளிக்கூடம் திறந்தது, செப்டம்பர் வந்தது, குழந்தை வாயைத் திறக்கவில்லை. பேச்சுப் பயிற்சிக்காரியிடம் வாரம் இரண்டு நாள் பஸ்ஸில் கூட்டிப்போனாள். அதிர்ச்சிதான், சரியாயிரும் என்றார் இவர். சரியாகவும் ஆகிவிட்டது. அவர் சொன்னபடியே ஆனதுகூட அவளுக்கு ஆறவில்லை. ஒருநாள் பல் தேய்க்கும்போது கண்ணாடியைப் பார்த்து, லைட்டை அணைக்காதே என்றது குழந்தை, அதோடு பேச்சு வந்துவிட்டது. அடுத்த வருடம் ஒரு பத்திரிகையைக் கொண்டுவந்து நீட்டினார், சந்தோஷமாக. “நம்ம வீடு வந்திருக்கு பாரு.” படம் துல்லியமாக இருந்தது. அடியில் ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில்: வீடு எண் பதினான்கு. கூரை முழுதும் இழப்பு, மேற்குச் சுவர் இழப்பு. உள்ளே இருந்தோர் இருவர். காயம் இல்லை. அந்தக் கடைசி இரண்டு வார்த்தையை அவள் எத்தனை தடவை படித்திருப்பாள். அவர்மேல் பிழை சொல்ல முடியாது. ரத்தம் வரவில்லை, எலும்பு முறியவில்லை. கேட்டிருந்தால் அவளே அப்படித்தான் சொல்லியிருப்பாள். கேட்டிருக்கலாம். பதின்மூன்றாம் வீட்டுக்காரனைக் கேட்டிருந்தார், பதினைந்தாம் வீட்டு அம்மாளைக் கேட்டிருந்தார், அவர்கள் எந்த அறையில் இருந்தார்கள், எதைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்று ஆளுக்கு அரைப்பக்கம் எழுதியிருந்தார். பதினான்கில் கேட்பதற்கு ஒன்றும் இல்லை போலிருக்கிறது.

பாலத்துக்கு முன்னால் பெட்ரோல் போட நிறுத்தினாள். சிவசைலம் வண்டிக்குள் வரைபடத்தை முகத்துக்கு நெருக்கமாக, ஓரமாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சியாட்டிலிலிருந்து மதி கூப்பிட்டாள். “அம்மா, எங்க இருக்க?” “ஆத்தங்கரையில. பாலம் ஏறப்போறோம்.” “அப்பா கூடவா? ஏம்மா நீ போற?” “வேற யாரு ஓட்டுவா?” “யாரும் ஓட்டவேண்டாம். அவர் வீட்டுல இருக்கட்டும். கண்ணு தெரியாத மனுசன் எதைப் பாத்து எழுதப்போறார்?” “மெதுவாப் பேசு.” “அவருக்குக் கேக்காது. உனக்குத் தூக்கம் வந்துதா, ராத்திரி?” “வந்துது.” “பொய் சொல்ற” என்றாள் மதி. முப்பது வயதாகியும் அவள் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறாள், அவளைக் கட்டிக்கொண்டவன் கண்ணுக்குத் துணிப்பட்டை கட்டிக்கொண்டு படுப்பதாகக் கேள்வி. “பேசணும்னு தோணிச்சுன்னா கூப்பிடு” என்றாள். செண்பகவல்லி சரி என்றாள். பெட்ரோல் குழாயைத் திருப்பி மாட்டும்போது கை வாசனையை முகர்ந்து பார்த்தாள். என்ன பேசுவது? இதையெல்லாம் மகளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. படத்துல விழுதீங்க என்றது குழந்தைக்கு ஞாபகம் இருக்குமோ இருக்காதோ. இருந்தால் அவளுக்கும் எதற்கு, இல்லாவிட்டால் நான் எதற்குக் கொடுக்கவேண்டும்.

பாலத்தில் ஏறும்போது எப்போதும் வருகிற பயம் வந்தது. மிசிசிப்பி கலங்கி, அகலமாக, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. “ஆத்துல தடம் இருக்காது” என்றார் சிவசைலம், அவளுக்குப் பாடம் நடத்துகிற குரலில். “ஆனா இந்தக் கரையிலயும் இருக்கு, அந்தக் கரையிலயும் இருக்கு. ஒரு மைல்தானே, சேத்துக்கலாம். பிரச்சினை அதுக்கு அங்கிட்டு.” பிரச்சினையை நேற்று ராத்திரிச் சாப்பாட்டின்போதே விளக்கிவிட்டார். டென்னசிக் கரையைத் தாண்டியதும் ஒன்பது மைலுக்குச் சதுப்புக்காடு. வீடு கிடையாது, கொட்டகை கிடையாது, மின்கம்பம் கிடையாது. அங்கே உடைவதற்கு மரத்தைத் தவிர ஒன்றும் இல்லை. உடைத்ததை வைத்துத்தான் காற்றை எழுதமுடியும். இரண்டு மைலுக்கு மேல் தடம் காணாமல் போனால் காற்று மேலே தூக்கிக்கொண்டது, அப்புறம் இறங்கியது வேறு டொர்னடோ என்று பிரித்துவிடுவார்கள். கென்டக்கிப் பக்கத்திலிருந்து ஹாலிஸ் என்கிற பெண் ஒரு குழுவோடு எதிரே அளந்துகொண்டு வருகிறாள். முன்னால் இவரிடம் படித்தவள், இப்போது இந்த ஆய்வுக்கே தலைவி. மூன்று மணிக்குப் பத்திரிகைக்காரர்களிடம் பேசவேண்டும், அதற்குள் அந்த ஒன்பது மைலைப் பற்றிச் சொல்லுங்கள் சிவ் என்று காலையில் சொல்லியிருந்தாள். “ஒண்ணுதான் செம்பா. எனக்குத் தெரியும். இப்பிடி ஒண்ணை என் ஆயுசுல பாத்ததில்ல” என்றார். அவருடைய கைவிரல் வரைபடத்தின்மேல் அந்த வெற்றிடத்தைத் தடவிக்கொண்டே இருந்தது, முன்னும் பின்னும், போல்ட்டைத் தடவிய அதே விரல். அவளுக்குச் சட்டென்று அவர்மேல் ஓர் இரக்கம் வந்தது, வந்ததும் எரிச்சலாகவும் இருந்தது. எனக்காக இந்த மாதிரி ஒரு தவிப்பு, ஒரே ஒரு நாள். அவளுடைய அம்மா இறந்த அன்று இவர் கேன்சஸில் ஒரு வயலில் நின்றார், போனில் நல்லவிதமாகத்தான் பேசினார், பின்னால் காற்று அடித்துக்கொண்டிருந்தது.

சதுப்பின் ஓரமாக வெள்ளம் வராமல் தடுக்கிற உயரமான மண்கரை, அதன்மேல் சரளைப் பாதை. காட்டுக்குள் போக ரோடு இல்லை, தடம் போயிருந்தால் இந்தக் கரையிலிருந்துதான் தெரியும். அவள் ஏறி, பாதிவழியில் அவர் சொன்ன இடத்தில் நிறுத்தினாள். இறங்கினார்கள். மணி பதினொன்றரை. மார்ச் வெயில் தண்ணீரில் விழுந்து கண்ணைக் குத்தியது. தண்ணீருக்கு அப்பால் சைப்ரஸ் மரங்கள், இலை இல்லாமல், சாம்பல் நிறத்தில், அடர்த்தியாக. அவர் கையைப் புருவத்தில் வைத்து, தலையை இடதும் வலதுமாகச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். அவருக்கு என்ன தெரியும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு சாம்பல் பட்டை, அதன் நடுவில் ஓர் ஓட்டை. கழுத்திலிருந்து பைனாகுலரைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். “மேல் கிளையைப் பாரு. நுனியைப் பாரு. தண்ணிக்குப் பக்கத்துல ஒண்ணும் இருக்காது, நுனியிலதான் முறிஞ்சிருக்கும். தெற்கேயிருந்து ஆரம்பிச்சு மெதுவா வா.” அவள் பைனாகுலரைக் கண்ணில் வைத்தாள். மரங்கள் ஒரே எட்டில் பக்கத்தில் வந்து நின்றன. தெற்கே முழுசாக இருந்தன, நுனி நுனியாக, ஒரு மரத்தில் நாரைக் கூடு. மெதுவாக நகர்த்தினாள். நுனி, நுனி, நுனி, பிறகு நுனி இல்லை. ஒரு மரம் பாதியில் முறிந்து வெள்ளையாக உள்மரத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. அடுத்தது, அதற்கடுத்தது. யாரோ ஒரே வீச்சில் சாய்வாக வெட்டிக்கொண்டு போனது மாதிரி கால் மைல் அகலத்துக்கு மொட்டையாக, பட்டை உரிந்து, எல்லாம் வடகிழக்கே தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு. உள்ளே, இன்னும் உள்ளே, காட்டைப் பிளந்துகொண்டு ஒரு சாலை மாதிரி அது போனது. கிளைகளில் இளஞ்சிவப்புப் பஞ்சு. வெர்னுடைய வீட்டுச் சுவரில் இருந்த பஞ்சாகக்கூட இருக்கலாம், ஆற்றைத் தாண்டி வந்திருக்கிறது. ஒரே காற்றுதான். இவர் சொன்னது சரிதான். எப்போதும் போலச் சரி. “முறிஞ்சிருக்கா?” என்று கேட்டார் சிவசைலம்.

அவர் குரலில் அப்படி ஒரு கெஞ்சல் இருந்தது. முப்பத்திரண்டு வருடத்தில் அவர் அவளை ஒன்று கேட்டு, பதிலுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது இதுதான் முதல்தடவை என்று அவளுக்குத் தோன்றியது. அது நியாயமில்லாத நினைப்பாகவும் இருக்கலாம். பெண்பார்த்த அன்று அவர் நின்றிருக்கலாம், பிரசவ அறைக்கு வெளியே நின்றிருக்கலாம், அவள் எங்கே பார்த்தாள். பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமலே நின்றாள். வெள்ளை முறிவுகள் கண்ணுக்குள் வரிசையாக நின்றன. முறிஞ்சிருக்கு என்று நாக்கில் வந்துவிட்டது, நாக்கு மேலண்ணத்தைத் தொட்டுவிட்டது. சொன்னால் என்ன ஆகும்? அவர் சந்தோஷப்படுவார், மேப்பில் கோடு போடுவார், நான்கு மாநிலம், ஒரே தடம், கூட்டத்தில் நின்று பேசுவார், பத்திரிகையில் வரும். மே மாதம் மாலை போடுவார்கள், அவள் முன்வரிசையில் பட்டுப்புடவையில் உட்கார்ந்து கைதட்டுவாள். ஒன்றும் தப்பில்லை. எல்லாம் உண்மை. ஒரு நாரை எழுந்து பறந்தது, அதன் கால்கள் பின்னால் நீட்டிக்கொண்டு போனதை அவள் அக்கறையாகப் பார்த்தாள். “ஒண்ணும் இல்ல” என்று யாரோ சொன்னார்கள். அவள்தான். “எல்லா மரமும் முழுசா நிக்கு.” “நல்லாப் பாரு செம்பா. நுனியைப் பாத்தியா?” “பாத்தேன். ஒரு கிளைகூட ஒடியல.” “கடைசி வரைக்கும் பாத்தியா? வடக்கே?” “கடைசி வரைக்கும்.” இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுவார் என்று காத்திருந்தாள். கோபப்படுவார், உனக்குப் பார்க்கத் தெரியவில்லை என்பார், தானே பைனாகுலரைப் பிடுங்குவார். அப்படி ஏதாவது செய்தால், ஆமா, பொய் சொன்னேன் என்று கத்தலாம், எல்லாவற்றையும் இந்தக் கரைமேல் கொட்டிவிடலாம். அவர் ஒன்றும் செய்யவில்லை. “சரி. நீ பாத்தா சரிதான்” என்றார். அவ்வளவுதான். சந்தேகம் அவருக்கு வரவே இல்லை. கையைப் புருவத்திலிருந்து இறக்கினார், கை எங்கே போவது என்று தெரியாமல் பான்ட்டின் பக்கத்தில் தொங்கியது. அறுபத்தைந்து வயது என்று அவரைப் பார்த்த யாருக்கும் அந்த நிமிடம் தெரிந்துபோயிருக்கும். “தூக்கிருச்சு போல. அப்பம் ரெண்டுதான்” என்றார், தண்ணீரைப் பார்த்து.

இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். வண்டிக்கு நடந்து போகிற பதினைந்து அடியில் சொல்லலாம். இன்னொரு தடவை பார்க்கிறேன், வெயில் கண்ணைக் கூசியது என்று சொல்லலாம். அவமானமில்லாமல் சொல்ல எத்தனையோ வழி. சரளைக்கல் அவர் செருப்பில் இடறியது, அவள் முழங்கையைப் பிடித்தாள், பழக்கம். வண்டியில் உட்கார்ந்ததும் போனை அவளிடம் நீட்டினார். “ஹாலிஸைப் போடு.” பட்டன் அவருக்குத் தெரியாது. அவள் பெயரைத் தேடி அழுத்தினாள், சத்தமாகக் கேட்கும்படி போட்டு, இருவருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டாள். “சிவ், சொல்லுங்கள்” என்றாள் ஹாலிஸ், பின்னால் யாரோ சுத்தியலால் அடிக்கிற சத்தம். “தடம் இல்லை. ஒன்பது மைலும் சுத்தமாக இருக்கிறது. மேலே தூக்கிவிட்டது. இரண்டு டொர்னடோ.” “உறுதியாகச் சொல்கிறீர்களா? நேற்று ஒன்றுதான் என்றீர்களே. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எப்படியும் புதன்கிழமை அங்கே ட்ரோன் விடப்போகிறோம், ஆவணத்துக்காக. வேண்டுமானால் அதுவரை முடிவு தெரியவில்லை என்று சொல்லி வைக்கிறேன்.” புதன்கிழமை ட்ரோன் அந்த மொட்டை மரங்களுக்கு மேலே நிதானமாகப் பறக்கும், படம் எடுக்கும், குழந்தைக்கும் தெரிகிற மாதிரி. பிறகு எல்லாரும் இவரைத்தான் பார்ப்பார்கள், கரைமேல் நின்று எப்படி இது தெரியாமல் போயிற்று என்பார்கள், கண்ணைப் பற்றி யோசிப்பார்கள். இவ்வளவு தூரம் போகும் என்று அவள் நினைக்கவில்லை, எவ்வளவு தூரம் என்று யோசிக்கவே இல்லை. போதும். அவள் வாயைத் திறந்தாள், “என்னங்க” என்றாள், அந்த ஒரு சொல் வெளியே வந்தும் விட்டது. அவர் கையை உயர்த்தி அவளை அமர்த்தினார், போனைப் பார்த்து ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே. “அதுவரை காத்திருக்கத் தேவையே இல்லை, ஹாலிஸ். நானே பார்த்தேன். கரையில் இறங்கி நின்று, பைனாகுலரில், ஒவ்வொரு மரமாக. முப்பத்தைந்து வருடமாகப் பார்க்கிற கண் இது.” “நீங்கள் பார்த்தால் போதும் சிவ். அப்படியே அறிவித்துவிடுகிறேன், ட்ரோன் புதன்கிழமை போகட்டும்” என்றாள் ஹாலிஸ். போன் அணைந்தது.

“என்னமோ சொல்ல வந்தியே” என்றார் சிவசைலம். “ஒண்ணுமில்ல. பசிக்கான்னு கேட்டேன்.” “பொறவு சாப்பிடுவோம். முதல்ல அடுத்த ஊருக்கு விடு.” அவள் பைனாகுலரை அதன் உறைக்குள் போட்டு, வாரைச் சுற்றி, பின் இருக்கையில் வைத்தாள். கண்ணாடியைச் சரிசெய்தாள். மண்கரையில் வண்டியைத் திருப்ப இடம் குறைச்சல். முன்னும் பின்னுமாக மூன்று தடவை எடுத்துத் திருப்பினாள். அவர் வரைபடத்தில் அந்த வெற்றிடத்தின் இரண்டு நுனியிலும் தடித்த பேனாவால் குறுக்குக்கோடு போட்டு மூடிக்கொண்டிருந்தார். புதன்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.